மேசைக்குள் ஓர் ஆறு

(சிதம்பரத்தில் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நடுவில் நீல ஆறு ஓடுவதுபோலச் செய்த மர மேசையைக் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். 'ரிவர் டேபிள்' என்கிறார்கள். நம் கொள்ளிடத்தில் எந்த மாதம் அப்படி நீலத் தண்ணீர் ஓடியது என்று கேட்காதீர்கள்! என் வகுப்பில் தச்சர் வீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். விடுமுறையில் அப்பாவோடு பட்டறைக்குப் போவான். அவன் சொல்லித்தான் இந்த வேலையை நேரில் போய்ப் பார்த்தேன்.

மரத்தின் இயல்பான வளைவைச் சீவாமல் பலகையாக அறுக்கிறார்கள். நம் பக்கம் பலா, வேம்பு, தூங்குமூஞ்சி கிடைக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த பண்ருட்டிப் பலா மரங்களை நினைத்துக்கொண்டேன். பலகை நன்றாக உலர வேண்டும். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். ஈரம் மிஞ்சினால் மரம் பிறகு சுருங்கும், ரெசின் சுருங்காது, சேர்ந்த இடம் விட்டுப்போகும்.

பட்டையை உரித்து, வளைந்த ஓரங்கள் எதிரெதிரே பார்க்கும்படி இரண்டு பலகைகளை அச்சுப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். பெட்டியின் உட்புறம் முழுக்கப் பேக்கிங் டேப். எப்பாக்சி அதில் ஒட்டாது. பலகைகளை இறுக்கிப் பிடிக்காவிட்டால் ரெசினில் மிதந்துவிடும். அடர்த்திப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆற்றுக்கு எவ்வளவு ரெசின் வேண்டும்? நீளம் 150 செ.மீ., சராசரி அகலம் 20, ஆழம் 4 என்றால் 12,000 கன செ.மீ., அதாவது 12 லிட்டர். வளைந்த ஓரத்துக்குச் சராசரி அகலம் எடுப்பது எப்படி? இலையின் பரப்பை வரைபடத்தாளில் கட்டம் எண்ணிக் கண்டுபிடிப்போமே, அதே வழிதான். கன அளவில் ரெசினும் ஹார்டனரும் 2:1 என்று டப்பாவில் போட்டிருந்தால் 8 லிட்டர், 4 லிட்டர். அதே சரக்குக்கு எடையில் விகிதம் வேறாக இருக்கும். 'கொஞ்சம் கூடுதலாக ஹார்டனர் ஊற்றினால் சீக்கிரம் இறுகும்' என்ற எண்ணம் இங்கே பலிக்காது. மிஞ்சியது வினைபுரியாமல் தங்கி, மேசை பிசுபிசுப்பாகவே நிற்கும்.

அரால்டைட் இரண்டு குழாய்களைக் கலந்தால் லேசாகச் சுடும் அல்லவா? வெப்ப உமிழ் வினை. ஒரே வாளியில் நிறையக் கலந்து வைத்தால் புகையே கிளம்பும். அதனால் தாங்கும் கனத்துக்கேற்ப அடுக்கடுக்காக ஊற்றி, மேலே வரும் குமிழிகளை ஹீட் கன்னால் உடைக்கிறார்கள். இறுக நாள் கணக்கில் ஆகும். பிறகு ரூட்டரால் மட்டம் செய்து, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது இதற்கு முந்தைய வழி. இயற்கை ஓரத்தை அப்படியே விட்டு மேசை செய்து புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமா (1905–1990) கடலூருக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருந்தவர். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்ட, அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்திலிருந்து 1930களில் வந்தார். அமெரிக்கா திரும்பியபின், போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கைவேலையை நுணுக்கமாகக் கற்றார். பலகையில் வெடிப்பு இருந்தால் அவர் அதை மறைக்கவில்லை. பட்டாம்பூச்சி வடிவ மரத்துண்டைக் குறுக்கே பதித்துக் கட்டினார். பிளாஸ்டிக் ஊற்றவில்லை.

இப்போது பையன் விஷயம். பட்டறையில் கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை. கையில் ஒட்டிய ரெசினைத் தின்னர் போட்டுத் துடைக்கிறார்கள். இறுகாத எப்பாக்சி தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது, அதன்பின் சிறு துளி பட்டாலும் அரிக்கும். தின்னர் அதை இன்னும் உள்ளே கொண்டுபோகும். சோப்புத் தண்ணீர்தான் சரி. தேய்க்கும் தூசியும் மூச்சில் போகக்கூடாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவச் சட்டம் இடம் தருகிறது, அபாயமான வேலையில் அல்ல.

அவன் அப்பாவிடம் பேசினேன். "சார், எனக்கே கை அரிக்குது, சிமெண்டுன்னு நெனச்சேன்" என்றார். இப்போது அவர் நைட்ரைல் கையுறை போடுகிறார். பையன் ரெசின் பக்கம் போவதில்லை. அளவெடுப்பதும் கணக்குப் போடுவதும் அவன் வேலை. போன வாரம் வகுப்பில் கேட்டான்: "பழைய மேசையை உருக்கி வேற ஆறு ஊத்தலாமா சார்?" இறுகும் பிளாஸ்டிக் பாடத்தை அன்றே எடுத்துவிட்டேன்.