நொக்ஸ் குடும்பமும் கீழ்க்கரையும்

கல்குடாக் கடற்கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் குளம்போலத் தோன்றும். அதனையடுத்த பாசிக்குடாவிலோ, இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்து செல்லலாம். இத்தகைய கரையைக் கண்ட மாலுமிக்கு இங்கே நங்கூரமிட்டு இளைப்பாறலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. கல்குடாவிலிருந்து வடக்கே வாழைச்சேனை, வாகரை, வெருகல் எனக் கரையோரமாகவே சென்றால் மூதூர் வரும். அதன் முன்னே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. அங்கே நங்கூரமிட்டு இளைப்பாற எண்ணிய ஓர் ஆங்கிலக் கப்பலுக்கு நேர்ந்த கதியிலிருந்தே இந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த ஆங்கிலேயரின் குடும்ப வரலாறு தொடங்குகிறது.

மூதூரில் ஒரு புளியமரத்தடியில் 1893ஆம் ஆண்டு ஒரு கல் நாட்டப்பட்டது. ஆன் என்னும் கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸ் 1660இல் இம்மரத்தின் கீழே பிடிபட்டார் என்றும், கண்டியரசன் அவரைப் பத்தொன்பது ஆண்டுகள் சிறைவைத்திருந்தான் என்றும் அக்கல் கூறுகிறது. படிப்பவர் இதனை ஒரே மனிதரின் கதை என்றே கொள்வர். ஆனால் கப்பற்றலைவர் வேறு, பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர் வேறு. முன்னவர் தந்தை, பின்னவர் மைந்தர். இருவர்க்கும் பெயர் ஒன்றே. கல்லில் பொறித்தவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிட்டார்கள். குடும்ப வரலாறு தேடுவோர் முதலில் தடுக்கி விழும் கல் இதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

மட்டக்களப்புப் பகுதியில் புதிதாக ஒருவர் வந்தால், பெரியோர் அவருடைய குடியை வினவுவது வழக்கம். குடியோ தாய்வழியே வருவது. தந்தையின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவரை இன்னார் என்று கூறிவிட முடியாது என்பது இப்பகுதியாரின் பழைய கணக்கு. நொக்ஸ் விடயத்தில் இக்கணக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. தந்தையும் மகனும் ஒரே பெயர் தாங்கிக் குழப்பந் தரும் இடத்தில், தாயின் வழியே சென்றால் வழி தெளிவாகிறது.

அன்னையின் பெயர் அபிகேல். அவர் பிறந்தது பொனெல் என்னும் குடும்பத்தில். அக்குடும்பம் ஆங்கில நாட்டுக்குப் பிளாந்தர் நாட்டிலிருந்து வந்தது. மதக் கலகங்களின் காலத்திற் கடல்கடந்து குடியேறி, புடைவை வாணிகத்தால் நிலைபெற்ற மக்கள் பலர் அக்காலத்து இங்கிலாந்தில் இருந்தனர். இதே பொனெல் குடும்பத்தில் எசுத்தர் என்பவரை மணந்தவர் ஸ்ட்றைப் என்னும் பட்டு வணிகர். அவர்தம் மகனே பின்னாளில் ஆங்கிலத் திருச்சபையின் வரலாற்றையும் இலண்டன் மாநகரின் வரலாற்றையும் எழுதிய யோன் ஸ்ட்றைப். ஆகவே நொக்ஸ், இந்தப் பேரறிஞருக்கு உறவினர். நொக்ஸ் பிற்காலத்தில் ஒரு நூல் எழுதியபோது அதனை ஒழுங்குபடுத்த உதவியவர் இவ்வுறவினரே. தந்தைவழியை மட்டும் துருவிக்கொண்டிருந்தால், கப்பலோட்டி ஒருவர் அவ்வளவு சீரிய நூலை எவ்வாறு ஆக்கினார் என்பது விளங்காமலே போயிருக்கும்.

மகன் நொக்ஸ் 1641இல் இலண்டன் கோபுரத்தை அடுத்த மேட்டுப் பகுதியிற் பிறந்தவர். பதினான்கு வயதிலேயே தந்தையுடன் ஆன் கப்பலில் ஏறிச் சென்னையிலுள்ள புனித யோர்ச் கோட்டை வரை வந்து சென்றார். தாயார் 1656இல் இறந்தார். தந்தையும் மகனும் 1658 தை மாதத்தில், இம்முறை கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில், மீண்டும் புறப்பட்டனர். 1659 கார்த்திகையில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே வீசிய புயலில் கப்பலின் பெரும் பாய்மரத்தை வெட்டிவிட நேர்ந்தது. மரம் வெட்டிப் புதிய பாய்மரம் நாட்டவும், இடையிற் கொஞ்சம் வாணிகம் செய்யவும் அவர்கள் கொட்டியாரத்துக்கு வந்தனர்.

அக்காலத்தில் கீழ்க்கரை இருந்த நிலையை இங்கு ஒருவாறு நினைவிற் கொள்ளுதல் நலம். 1602இல் ஒல்லாந்தரான ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கினார். அடுத்த ஆண்டே அவர் நாட்டவரான டி வேர்ட் அங்கே கொல்லப்பட்டார். 1628இற் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். போர்த்துக்கேயரை ஓட்டுவதற்கென்று அழைத்த ஒல்லாந்தரே 1658இல் நாட்டின் கரையோரத்தைத் தமதாக்கிக்கொண்டதைக் கண்ட கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன், கடல்வழி வந்த எவரையும் ஐயத்தோடு நோக்கியது இயல்பே. ‘மிளகு கொடுத்து இஞ்சி வாங்கியது’ போன்ற அனுபவம் அவனுக்கு. நொக்ஸ் இதனை நூலிற் பெரிதாக எழுதவில்லை. பிடிபட்டவனுக்குப் பிடித்தவனின் நியாயம் தெரிவது எளிதன்று.

கொட்டியாரத்து மக்கள் முதலில் அன்பாகவே நடந்துகொண்டனர். ஏறக்குறைய இருபது நாட்கள் கழிந்தன. பின்னர் அரசன் அனுப்பிய திசாவை படையோடு வந்தார். தலைவர் கரைக்கு வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. தலைவர் நொக்ஸ் முதலானோர் கரையிறங்கிப் புளியமரத்தடியில் அமர்ந்திருந்தபோதே சூழ்ந்து பிடிக்கப்பட்டனர். மரம் வெட்டச் சென்ற பெரிய படகினரும் அவ்வாறே அகப்பட்டனர். மொத்தம் பதினாறு பேர். நாள், 1660 சித்திரை மாதம்.

இவ்விடத்தில் நிகழ்ந்த ஒன்றே இக்குடும்பத்தின் கதைக்கு உயிர்நாடி. திசாவை, கப்பலையும் ஆற்றுக்குள் வரச்செய்ய விரும்பினார். தலைவர், தமது சொல்லைத் தாமே சென்று கூறினாலன்றிக் கப்பலோர் கேளார் என்றார். திசாவையோ தலைவரை விடாமல், மகனை அனுப்பினார். பத்தொன்பது வயது இளைஞன். கப்பலேறிவிட்டால் அவனை மீண்டும் பிடிப்பார் இல்லை. ஆனால் தந்தை, கப்பலைக் காத்துக்கொள்ளும்படி அங்குள்ளோர்க்குச் சொல்லிவிட்டுத் தம்மைக் கைவிடாது திரும்பி வரவேண்டும் என்று தம் ஆசியின்மேல் ஆணையிட்டிருந்தார். மகன் சென்றான், கப்பலோரை எச்சரித்தான், தங்கள் கப்பலைக் கொண்டுவரமாட்டோம் என்று அவர்கள் விடையளிக்கச் செய்தான், பின்பு தானாகவே கரைக்கு வந்து சிறையானான். கப்பல் போயிற்று.

சிறைப்பட்டோர் ஊருக்கொருவராகப் பிரிக்கப்பட்டனர். தந்தையும் மகனும் மட்டும் ஏழு கோறளையில் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் ஒன்றாக வைக்கப்பட்டனர். அவ்வூர் காய்ச்சலுக்குப் பேர்போனது. இருவரும் படுத்தனர். தந்தை எழவில்லை. சாகுந் தறுவாயில், வீட்டில் விட்டுவந்த தம்பியையும் தங்கையையும் பார்த்துக்கொள்ளும்படி மகனிடம் சொன்னார். கப்பலிலிருந்து மகனைத் திரும்பி வரச்செய்த தமது கட்டளையே அவர் நெஞ்சை உறுத்தியது.

அடக்கம் செய்ய ஆளில்லை. மகனுக்கு ஊர்மொழி தெரியாது. பரங்கிப்பேட்டையிலிருந்து தந்தை பணிக்கு அழைத்துவந்த சிறுவன் ஒருவன் உடனிருந்தான்; அவனை ஊராரிடம் அனுப்பினான். அவர்கள் மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, கழுத்திற் கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாம் என்றார்கள். காசு கொடுத்தால் வேறு உதவி செய்யலாம் என்றும் சொன்னார்கள். கையிலிருந்த சிறு பணத்தைக் கொடுத்து ஒருவனை அமர்த்திக் குழி வெட்டுவித்துத் தந்தையைப் புதைத்தான் மகன். பரங்கிப்பேட்டைச் சிறுவனின் பெயர் அவன் குடும்பத்தார் எவருக்கும் எட்டியிராது. அவன் வரலாற்றைத் தேடிப் புறப்பட்டவர் எவரும் இலர்.

இந்த மரணத்தின் நாளைப் பற்றி ஒரு செய்தி. நொக்ஸ் காலத்து ஆங்கிலேயர்க்குப் புத்தாண்டு பிறந்தது பங்குனி 25ஆம் நாளில். ஆகவே அவர்கள் 1660 மாசி ஒன்பது என்று எழுதியது இன்றைய கணக்கில் 1661 ஆகும். பிடிபட்டதற்கு முன்னரே தந்தை இறந்துவிட்டதாகச் சிலர் கணக்கிட்டு மயங்குவதற்குக் காரணம் இதுவே. பழைய ஏடுகளைப் புரட்டுவோர் தமிழ் மாதத்தையும் ஆங்கில மாதத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல, ஆங்கிலத்துக்குள்ளேயே இருவகைக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி மகனின் நீண்ட ஆண்டுகள். இவற்றை அவரே விரிவாக எழுதியுள்ளமையால் இங்குச் சுருக்கமே போதும். தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடன் கொடுத்து, நூற்றுக்கு ஐம்பது வட்டி வாங்கினார். ஒருநாள் ஒரு கிழவர் விற்க வந்த ஆங்கில வேதாகமத்தை ஒரு பின்னிய தொப்பிக்கு மாற்றிக்கொண்டார். கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து பறிபோனபோது அப்புத்தகம் அக்கிழவரின் கைக்கு வந்ததாம். பின்னர் உடுநுவரையில் எலதெத்த என்னும் ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். உடனிருந்த ஆங்கிலேயருட் பலர் அங்குள்ள பெண்களை மணந்து குடியேறினர். நொக்ஸ் மணம் செய்யவில்லை. ஆனால் ஒரு குழந்தையை வளர்த்தார். லூசியா என்பது அவள் பெயர். தோழர் ஒருவருக்கும் ஒரு சிங்களப் பெண்ணுக்கும் பிறந்தவள்.

1679 புரட்டாதி 22ஆம் நாள், நொக்சும் ஸ்ரீபன் றட்லண்ட் என்பவரும் மூட்டை வியாபாரிகள் போல வடக்கு நோக்கிப் புறப்பட்டனர். அநுராதபுரத்தில் மக்கள் தமிழ் பேசினர். சிங்களம் விளங்கவில்லை என்று நொக்ஸ் குறித்துள்ளார். அங்கிருந்து மல்வத்து ஓயாவைப் பற்றிக்கொண்டு காட்டுவழியே இறங்கினர். இவ்வாறுதான் நேயர்கள் அருவியாறு என்று அறிந்திருக்கும் அது. அதன் கரை வன்னியர் நாடு. நொக்சின் வரைபடத்தில் அந்நாட்டுத் தலைவரின் பெயர் சிதைந்து காணப்படுகிறது; அதனைக் கைலை வன்னியன் என்று கொள்வர். ஐப்பசி 18ஆம் நாள் அரிப்பு ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தனர். 1680 புரட்டாதியில் நொக்ஸ் இலண்டன் சேர்ந்தபோது, தந்தை ஒப்படைத்த தம்பியும் தங்கையும் உயிரோடிருந்தனர். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின் அக்கட்டளை நிறைவேறியது.

1681இல் அவருடைய இலங்கை வரலாறு வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் அறிவியலறிஞர் றொபேட் ஹூக். சில ஆண்டுகளில் செருமன், ஒல்லாந்த, பிரெஞ்சு மொழிகளிலும் அது பரவியது. இப்புகழ்பெற்ற மனிதரின் பின்வரலாறு மனத்துக்கு இனியதன்று. ரொங்கின் மேர்ச்சன்ட் என்னும் கம்பனிக் கப்பலுக்குத் தலைவராகி, மடகாஸ்காருக்குச் சென்று அடிமைகளை வாங்கிப் புனித எலேனாத் தீவுக்கு ஏற்றினார். பத்தொன்பது ஆண்டுகள் பிறர் கையிற் சிறைப்பட்டிருந்தவர், மனிதரை விலைக்கு வாங்கிப் பிறர் கையிற் சேர்த்தார். எலேனாவில் அவருடைய மாலுமிகளே கப்பலைத் திருடிக்கொண்டு அவரைக் கரையில் விட்டுச் சென்றது வேறு கதை. பெருமைக்குரிய செய்திகளை மட்டும் திரட்டிக் குடும்ப வரலாறு எழுதுவோர் இப்பகுதியை விட்டுவிடுவர். விட்டால் எலதெத்தவில் இருந்த மனிதரும் முழுமையாகத் தெரியமாட்டார்.

இந்தப் பிற்பகுதி வெளியுலகுக்குத் தெரிந்ததும் ஒரு தேடலாலேயே. முதற் பதிப்பின் நூலாசிரியர் தம் வாழ்க்கையைத் தாமே தனியாக எழுதிவைத்திருந்தார். ஒக்ஸ்போட்டிலுள்ள போட்லியன் நூலகத்தில் அக்கையெழுத்துப் படியைக் கண்டு வெளிப்படுத்தியவர் இலங்கை வரலாற்றில் ஈடுபட்ட டொனால்ட் பேர்கூசன். ஜேம்ஸ் றையன் என்பவர் 1911இல் மூலநூலோடு அதனையும் சேர்த்து அச்சிட்டார். நூலின் இடையிடையே வெற்றுத்தாள் சேர்த்துத் தைத்து நொக்ஸ் கைப்பட எழுதிய திருத்தங்களும் பின்னர் கிடைத்தன. இலங்கையின் முன்னாள் ஆவணக்காப்பாளர் பவுலஸ் அவற்றை உள்ளடக்கி 1989இற் புதிய பதிப்பொன்றைத் தந்தார். ஒரு பரம்பரையின் கதையை இவ்வாறு ஏட்டிலிருந்து ஏட்டுக்குத் தாவியே பெறவேண்டியிருக்கிறது. கொட்டியாரத்துக் கல்லைப் படித்ததோடு நின்றவர்க்கு இவற்றில் ஒன்றும் கிட்டாது.

நொக்ஸ் 1720இல் இறந்து விம்பிள்டன் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கு மக்களில்லை. ஆனால் எலதெத்தவில் அவர் தேடிய நிலத்தையும் வீட்டையும் லூசியாவுக்கே உரிமையாக்கினார். மட்டக்களப்பு வழக்கில் வீடும் வளவும் பெண்மகவுக்குச் சேர்வது போலவே, கீழ்க்கரையிற் பிடிபட்ட அவ்வாங்கிலேயரின் சொத்தும் ஒரு பெண்ணுக்குச் சேர்ந்தது. அவளைப் பெற்ற தாய் சிங்களவர்; தந்தை கப்பலிலிருந்து பிடிபட்டு வந்தவர். இலண்டனிலுள்ள கோயிற் பதிவேடுகளில் நொக்ஸ், பொனெல், ஸ்ட்றைப் என எல்லாப் பெயரும் உண்டு. லூசியாவின் பெயரைத் தாங்கி நிற்பது நொக்ஸின் எழுத்து மட்டுமே.