மீன் தொட்டிக்கு யூ.வி. விளக்கு: எதற்கு, எப்படி?



திருவாலங்காட்டில் ரயிலேறி வில்லிவாக்கத்தில் இறங்கினால் கொளத்தூர் பக்கம்தான். தமிழ்நாட்டு வண்ணமீன் வியாபாரத்தின் பெரிய மையம் அது. அந்தச் சுற்றுவட்டாரத்திலும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் வளர்ந்த கப்பியும் மோலியும் கோல்டு ஃபிஷும் ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் நம் வீடு வந்து சேர்கின்றன. வந்த சில வாரங்களில் இரண்டு தொல்லைகளில் ஒன்று தலைகாட்டும். வெயில் படும் தொட்டி என்றால் தண்ணீர் பச்சையாகிவிடும். மார்கழி, தைக் குளிர் என்றால் மீனின் துடுப்பிலும் உடம்பிலும் வெள்ளைப்புள்ளி விழும். கடையில் போய்ச் சொன்னால், "ஒரு யூ.வி. லைட் போடுங்க, சரியாயிடும்" என்பார்கள். அந்த விளக்கு எதைச் சரியாக்கும், எதைச் சரியாக்காது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் காசும் மிஞ்சும், மீனும் பிழைக்கும்.

யூ.வி. என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. வீட்டில் குடிநீர் சுத்தம் செய்யும் கருவியின் மேலேயே எழுதியிருக்கும். தமிழில் புற ஊதாக் கதிர். 1801இல் ஜெர்மானிய விஞ்ஞானி ரிட்டர் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். சூரிய வெளிச்சம் பாக்டீரியாவை வளரவிடாது என்று 1877இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர் எடுத்துக்காட்டினார்கள். 1910இல் பிரான்ஸின் மார்செய் நகரத்தில் குடிநீரைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இன்று நம் கிழக்குக் கடற்கரையில் இறால் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் கடல்நீரை வடிகட்டியபின் இந்த விளக்கின் வழியாகத்தான் விடுகிறார்கள்.

வீட்டுத் தொட்டிக்கான கருவியும் அதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது. ஒரு குழாய்க்குள் பாதரச ஆவி விளக்கு எரிகிறது. அதன் கதிரின் அலைநீளம் சுமார் 254 நானோமீட்டர். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை உள்ளே விடாது என்பதால் விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் உறை இருக்கும். உறையை உரசிக்கொண்டு தண்ணீர் ஓடும்போது, அதில் மிதக்கும் கிருமியின் டி.என்.ஏ.வைக் கதிர் சிதைத்துவிடும். அதற்குமேல் அந்தக் கிருமி பெருக முடியாது.

நேயர்கள் ஒரே ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: விளக்கைக் கடந்து போவதை மட்டும்தான் விளக்கு தாக்கும். மற்ற எல்லா விதிகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில், தேர்வு. மொட்டைமாடியில் வடகம் காய்வதற்கு வெயிலின் கடுமை, காயும் நேரம் இரண்டும் வேண்டும் அல்லவா? கதிருக்கும் அதே கணக்குதான். விளக்கின் வலிமையை, தண்ணீர் அதன் அருகில் இருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவதுதான் கிருமிக்குக் கிடைக்கும் அளவு. குடிநீருக்குப் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்று வைக்கிறார்கள். பச்சைத் தண்ணீர்ப் பாசிக்குக் குறைந்த அளவே போதும். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணிக்கோ 100 மில்லிஜூலும் அதற்கு மேலும் தேவை என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஆகவே வாட்டை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. மணிக்கு எத்தனை லிட்டர் ஓடினால் பாசி போகும், எத்தனை லிட்டர் ஓடினால் கிருமி சாகும் என்று நல்ல பெட்டிகளில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். இரண்டாவது எண் எப்போதும் சிறியது. கிருமிக்காக வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் மோட்டாரின் வேகம் அந்தச் சிறிய எண்ணுக்குள் இருக்க வேண்டும்.

அதற்காக வேகத்தை ஒரேயடியாகக் குறைத்தாலும் பயனில்லை. 100 லிட்டர் தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் விளக்கு வழியாக ஓடிவிட்டால் எல்லாத் தண்ணீரும் சுத்தமாகிவிட்டது என்று நினைப்போம். அப்படியல்ல. சுத்தமான தண்ணீரும் பழைய தண்ணீரும் கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்று முடியும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கதிர் படாமலே இருக்கும். மூன்று சுற்று முடிந்தால் அது 5 சதவீதமாகக் குறையும். எனவே விளக்கு இரவு பகலாக எரிய வேண்டும். 9 வாட் விளக்கு மாதம் முழுக்க எரிந்தால் ஆறரை யூனிட் மின்சாரம் ஆகும்.

அடுத்து, பராமரிப்பு. தண்ணீர் முதலில் பில்ட்டர் வழியாக, பிறகு விளக்குக்குப் போக வேண்டும். கலங்கல் கதிரை மறைக்கும். ஃபைட்டர் மீனுக்குப் பாதாம் இலை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அந்தப் பழுப்பு நிறமும் கதிரை உறிஞ்சும். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால், பாத்திரத்தில் படிவதுபோலவே குவார்ட்ஸ் உறையிலும் வெள்ளையாகப் படியும். மாதம் ஒருமுறை கழற்றி, வினிகரில் ஊறவைத்துத் துடையுங்கள். விளக்கின் ஆயுள் சுமார் 8,000 முதல் 9,000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஓராண்டு. அதற்குப் பிறகும் நீல வெளிச்சம் தெரியும். ஆனால் கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாதது, அது குறைந்திருக்கும். மாட்டிய தேதியைக் கருவியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

மோட்டாரையும் விளக்கையும் ஒரே சுவிட்சில் வையுங்கள். தண்ணீர் ஓடாமல் விளக்கு மட்டும் எரிந்தால் சூடேறும். மெத்திலீன் புளூ போன்ற மருந்து போடும் நாட்களில் விளக்கை அணைத்துவிடுங்கள். கதிர் மருந்தைச் சிதைக்கும். எரியும் விளக்கை ஒருபோதும் வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், குழந்தைகளைப் பார்க்க விடாதீர்கள். வலி உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் கண் எரியும். உறைக் கூடு இல்லாமல் தொட்டிக்குள் அப்படியே தொங்கவிடும் விளக்குகளை வாங்க வேண்டாம். அவை மீனின் கண்ணுக்கும் கேடு.

இனி, விளக்கால் ஆகாதவை. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் வளரும். பிறகு உதிர்ந்து அடிமணலில் கூடுகட்டி நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் நீந்தி, ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் இன்னொரு மீனைப் பிடித்தாக வேண்டும். அந்த நீந்தும் பருவத்தில் மட்டுமே விளக்கு அவற்றைப் பிடிக்க முடியும். தோலுக்கடியில் இருப்பதையும் மணலில் இருப்பதையும் தொட முடியாது. நோயின் வேகத்தை விளக்கு குறைக்கும். நோய் வந்த மீனுக்கு மருந்துதான் வேண்டும். அம்மோனியாவையும் விளக்கு நீக்காது. அது பில்ட்டர் ஸ்பாஞ்சில் ஒட்டி வாழும் நல்ல பாக்டீரியாவின் வேலை. ஒட்டி வாழ்வதால் அவற்றுக்கு விளக்கால் ஆபத்தும் இல்லை. வாராவாரம் தண்ணீர் மாற்றும் வேலையும் நம்முடையதாகவே இருக்கும்.

பழுதான விளக்கைக் குப்பையில் போடாதீர்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. பாதரச விளக்குகள் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருகின்றன. அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்போரிடமே கொடுங்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் மக்களுக்கு, மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கழிவு சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு விளக்கு என்றாலும் பொறுப்பு பொறுப்புதான்.

கடைசியாக, செலவின் வரிசை. முதலில் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் பில்ட்டர். புதிதாக வாங்கும் மீனை இரண்டு மூன்று வாரம் அதில் வைத்துக் கவனித்த பிறகே பெரிய தொட்டியில் விடுங்கள். நோய் உள்ளே வராமல் தடுக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. சந்தேகம் வந்தால் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, கேட்கத் தயங்காதீர்கள். இவ்வளவும் செய்தபின் கையில் பணம் இருந்தால் யூ.வி. விளக்கு வாங்குங்கள். அப்போது அது உங்கள் உழைப்புக்குத் துணையாக நிற்கும். தொட்டிக்குள் இருக்கும் உயிர்கள் தாமாக அங்கே வரவில்லை, நாம்தான் கொண்டுவந்தோம். அவற்றுக்கு நல்ல தண்ணீர் தருவது நம் கடமை.