அவர் எனக்கு யார்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கொட்டிவாக்கம் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்த மேடையில நான் உள்கடன் வசூல் பத்தித்தான் பேசுவேன். இந்தத் தடவை தலைவி அக்கா, "கணக்கை விடு, மனசுல இருக்கறதைப் பேசு"ன்னு சொல்லிட்டாங்க. என் மனசுல இருக்கறது ஒரு சின்னக் கேள்வி. வயசான காலத்துல ஒரு பொம்பளைக்கு ஒரு துணை அமைஞ்சா, அவரை நாலு பேர் முன்னாடி என்னன்னு சொல்றது?

சிரிக்கிறீங்க. சிரிங்க. நானும் முதல்ல சிரிச்சவதான்.

எனக்கு 57 வயசு. வீட்டுக்காரர் தவறி 14 வருஷம் ஆகுது. கொட்டிவாக்கத்துல இட்லிக்கடை போட்டுத்தான் பையனையும் பொண்ணையும் படிக்க வச்சேன், கல்யாணம் பண்ணிக் குடுத்தேன். முதல் அடுப்பும் இட்லிப் பானையும் வாங்கினது நம்ம குழுவுல எடுத்த 5,000 ரூபாய் உள்கடன்லதான். கடைக்கு தினமும் காலையில ஒரு ஆட்டோ ஓட்டுநர் வருவார். மனைவியை இழந்தவர். கடைக்கு வர்ற எல்லா ஆம்பளைங்களையும் போல அவரையும் நான் "அண்ணே"ன்னுதான் கூப்பிடுவேன். அவர் என்னைவிட ஆறு வயசு பெரியவர். ஆனாலும் கடைக்காரி எல்லாருக்கும் "அக்கா"தானே, அவருக்கும் நான் அக்கா.

கொரோனா சமயத்துல கடையை மூடிட்டு உக்காந்திருந்தப்ப, "மாவு அரைச்சுக் குடுங்க, நான் வீடு வீடா கொண்டு போய்ச் சேர்க்கறேன்"னு சொன்னது அவர்தான். அப்படி ஆரம்பிச்ச பழக்கம். இப்ப நாலு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். தாலி கட்டிக்கல, பதிவும் பண்ணல.

இதுல பெரிய கஷ்டம் எங்க வந்தது தெரியுமா? கூப்பிடறதுல. "அண்ணே" நின்னு போச்சு. அந்த இடத்துக்கு வேற சொல் வரல. "ஏங்க"ன்னு கூப்பிட வாய் எழும்பல. அது போன மனுஷனோட சொல்லாவே இருந்துச்சு. "இங்க பாருங்க", "உங்களைத்தான்"னு சொல்லியே காலத்தை ஓட்டினேன். என் பேத்தி மட்டும் முதல் நாளே "ஆட்டோ தாத்தா"ன்னு பேர் வச்சிட்டா. குழந்தைக்குக் கிடைச்ச சொல் பெரியவங்க எங்களுக்குக் கிடைக்கல.

யோசிச்சுப் பாருங்க. தாலி கட்டினவரைச் சொல்ல நம்மகிட்ட எத்தனை சொல் இருக்கு! வீட்டுக்காரர், எங்க அவரு, மாமா, மச்சான், அத்தான். மயிலாப்பூர்ப் பக்கம் போனா ஆத்துக்காரர். தாலி இல்லாம வயசான காலத்துல சேர்ந்தவரைச் சொல்ல என்ன இருக்கு? "லவ்வர்"னா காலேஜ் பசங்க மாதிரி. "ஃப்ரெண்ட்"னா பாதி உண்மை. "பார்ட்னர்"னா இட்லிக்கடையில பங்கு இருக்கான்னு கேப்பாங்க. ஊர்கிட்ட மட்டும் சொல் தயாரா இருக்கு: "அவ ஒருத்தனைச் சேத்துக்கிட்டா."

போன வருஷம் ஒரு ராத்திரி அவருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினேன். ஃபாரம் எழுதறவங்க கேட்டாங்க, "நீங்க அவருக்கு யாரும்மா?" சுத்தி நாலு பேர் நிக்கறாங்க. என் வாயில வந்தது, "தெரிஞ்சவங்க. பக்கத்துத் தெரு."

ஸ்ட்ரெச்சர்ல படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல.

அப்புறம் என்னை உள்ள விடல. "சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க"ன்னுட்டாங்க. ஓசூர்ல இருக்கற அவர் மகன் வந்து சேர்ற வரைக்கும், அவரோட செருப்பையும் சட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பையில வச்சு மடியில பிடிச்சிக்கிட்டு வெளியில உக்காந்திருந்தேன். தப்பு அவங்க மேல இல்ல. நான் சொன்னதைத்தான் அவங்க எழுதிக்கிட்டாங்க.

நல்லபடியா வீட்டுக்கு வந்தார். மூணாம் நாள் கஞ்சி குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு, "பக்கத்துத் தெரு அம்மா, கொஞ்சம் உப்பு போடுங்க"ன்னார். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு.

அதுக்கப்புறம்தான் ஒரு இலவச சட்ட உதவி முகாம்ல வக்கீல் அம்மா ஒருத்தரைப் பார்த்து விவரம் கேட்டேன். அவங்க சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

2005-ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கல்யாணம் ஆகாட்டியும் கல்யாணம் மாதிரியான உறவுல ஒரே வீட்டுல வாழ்ந்த பெண்ணுக்கும் பாதுகாப்பு குடுக்குது. எது அப்படிப்பட்ட உறவுன்னு 2010-ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. நம்ம கோயம்புத்தூர்ல இருந்து போன ஜீவனாம்ச வழக்கு அது. ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கத் தகுதி உள்ளவங்களா இருக்கணும், அதாவது வேற கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது. விருப்பப்பட்டு கணிசமான காலம் ஒரே வீட்டுல சேர்ந்து வாழ்ந்திருக்கணும். ஊர் முன்னாடி கணவன் மனைவி மாதிரி தங்களைக் காட்டிக்கிட்டிருக்கணும். கடைசியா சொன்னதைக் கவனிங்க. நான் ஆஸ்பத்திரியில சொன்ன "பக்கத்துத் தெரு" வெறும் வெக்கம் இல்ல. நாளைக்கு ஒரு வழக்குன்னு வந்தா அது எனக்கு எதிரான சாட்சி.

அதே தீர்ப்புல, அந்த வரையறைக்குள்ள வராத பெண்ணைப் பத்தி "வச்சிக்கிட்டவ"ங்கற அர்த்தத்துல ஒரு ஆங்கிலச் சொல் வந்தது. அப்ப மத்திய அரசோட கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலா இருந்த இந்திரா ஜெய்சிங் அம்மா கோர்ட்டுலயே அதை எதிர்த்தாங்க. ஆணைப் பெண் வச்சிருக்கான்னு எங்கேயாவது சொல்றோமான்னு கேட்டாங்க. 2023-ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு கையேடு வெளியிட்டு, நீதிபதிகள் தவிர்க்க வேண்டிய சொற்கள்ல அதையும் சேர்த்துச்சு. கோர்ட்டே சொல்லை மாத்துதுன்னா நம்ம தெரு மாத்தக் கூடாதா?

கல்யாணம் பண்ணிக்க நினைக்கறவங்களுக்கு இன்னொரு செய்தி. 1967-ல அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்துச்சு. அதன்படி, இந்துக்களா இருந்தா, உறவினர் நண்பர் முன்னிலையில "இவரை என் கணவரா ஏத்துக்கறேன்", "இவளை என் மனைவியா ஏத்துக்கறேன்"னு ரெண்டு பேரும் புரிஞ்ச மொழியில சொன்னாலே போதும். மாலை மாத்தினாலும் செல்லும், மோதிரம் போட்டாலும் செல்லும், தாலி கட்டினாலும் செல்லும். ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலம். அப்புறம் மறக்காம பதிவு பண்ணிடணும்; 2009 சட்டப்படி அது கட்டாயம். ஆனா ஒண்ணு, விதவை ஓய்வூதியம் வாங்கறவங்களுக்கு மறுமணம் ஆனா அது நின்னுடும். மறைக்காதீங்க, யோசிச்சு முடிவு பண்ணுங்க. அரசாங்கத்துல விதவை மறுமண உதவித் திட்டமும் இருக்கு. ஆனா மாப்பிள்ளைக்கு 40 வயசு தாண்டக் கூடாதாம். நம்ம ஆளு 23 வருஷம் லேட்!

என் பையனுக்கு ஊர் வாயைவிட வீட்டைப் பத்தின பயம்தான் பெருசு. அது நியாயமான பயம். உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்ல. ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து போட்டு, அவங்களும் கையெழுத்து போட்டா போதும். வீடு பிள்ளைங்களுக்குன்னு எழுதி வச்சிட்டேன். பையன் இன்னும் அவரை "அவரு"ன்னுதான் சொல்றான். பரவாயில்ல, எனக்கே நாலு வருஷம் ஆச்சு.

சகோதரிகளே, துணைன்னு வர்ற எல்லாரும் நல்லவங்க இல்ல. முதல் மனைவி உயிரோட இருக்காங்களா, கடன் எவ்வளவுன்னு விசாரிங்க. அவர் தேடறது துணையையா, இலவச சமையல்காரியையான்னு பாருங்க. சந்தேகம்னா 15100-க்குப் போன் பண்ணி இலவச சட்ட உதவி கேளுங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். நம்ம உறுப்பினர் படிவத்துல "கணவர் / தந்தை பெயர்"னு மட்டும்தான் இருக்கு. அதுக்குக் கீழ "அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர், உறவு"ன்னு ஒரு வரி சேர்த்துத் தீர்மானம் போடுங்க. அதுல அவளவ விரும்பினவங்க பேரை எழுதட்டும். தோழியோ, தங்கச்சியோ, யாரா இருந்தாலும் ஏன்னு கேக்க வேண்டாம்.

என் படிவத்துல என்ன எழுதறதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன். திருக்குறள்ல "வாழ்க்கைத் துணைநலம்"னு ஒரு அதிகாரம் இருக்கு. அது மனைவியைப் பத்தினது. இத்தனை காலம் துணைன்னா நாமதான். அந்தச் சொல்லை இப்ப நான் ஒரு ஆணுக்குக் குடுக்கறேன். உறவு: துணைவர்.

வெளியில டீக்கடையில ஒருத்தர் என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகக் காத்துக்கிட்டு இருக்கார். போகும்போது யாராவது, "இவர் யாருக்கா?"ன்னு கேளுங்க. இந்தத் தடவை பக்கத்துத் தெருன்னு சொல்ல மாட்டேன்.