நாற்பது கழியும்வரை காத்திருக்கக் கூடாத பரிசோதனை





குறைமாதத்தில் பிறந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து தப்பி வந்த குழந்தை வீட்டுக்குள் நுழையும்போது அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். அகீகா எப்போது, என்ன பெயர் என்று பேசுகிறோம். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும் அடுத்த தேதி அலமாரிக்குள் போய்விடுகிறது. கேட்டால், "நாற்பது கழியட்டும், கூட்டிட்டுப் போறோம்" என்கிறார்கள்.

அந்த நாற்பதில்தான் ஆபத்து. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தை என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளருமுன் பிறந்துவிடுவதால், அவை பிறகு தாறுமாறாக வளர்ந்து விழித்திரையை இழுத்துக் கழற்றிவிடலாம். கண் சிவக்காது, நீர் வடியாது, பார்வைக்கு அழகாகவே இருக்கும். நேரத்தில் கண்டால் லேசரோ ஊசியோ போட்டுக் காக்கலாம். கழன்ற பின் மீட்பது அரிது.

1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உயிர் பிழைத்து வீடு போனது. கண்ணைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. மாதங்கள் கழித்துத் தெரிந்தபோது பார்வை போயிருந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. பணம் கிடைத்தது, பார்வை கிடைக்கவில்லை. அன்று சொல்ல ஆளில்லை. இன்று சீட்டிலேயே எழுதித் தருகிறார்கள்.

மார்க்கத்தின் பெயரால் தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நிஃபாஸ் ஹனஃபி மத்ஹபில் அதிகபட்சம் 40 நாள், ஷாஃபிஈயில் 60 நாள். அது தொழுகை, நோன்பு போன்றவற்றுக்கான சட்டம். பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோவதை அது தடுக்கவில்லை. வீட்டோடு இருப்பது நம் ஊர் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு வேண்டாமா? தாயால் முடியாவிட்டால், வாப்பா வெளிநாட்டில் இருந்தால், மாமாவும் பெரியம்மாவும் தூக்கிப் போகலாம்.

கண்ணோடு முடிவதில்லை. காது கேட்கிறதா என்று முதல் மாதத்தில் பார்க்க வேண்டும். குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். வளர்ச்சியை இரண்டு வயதுவரை பார்க்க வேண்டும். "குறைமாசப் பிள்ளை, மெதுவாத்தான் வரும்" என்று பெரியவர்கள் சொல்வது பாதி சரி. இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனால், நான்கு மாதப் பிள்ளை செய்வதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அந்தக் கணக்கிலும் கழுத்து நிற்கவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் குழந்தை வளர்ச்சி மையத்தார் 17 கேள்விகளில் ஓர் அட்டவணையே வைத்திருக்கிறார்கள். சிரிப்பு, தலை நிற்பது, குப்புற விழுவது, நடப்பது என்று தாயே கவனிக்கக் கூடியவைதான். மூளை வேகமாக வளரும் அந்த இரண்டு வருடத்தில் கொடுக்கும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. காது கேளாத சிறு பிள்ளைகளுக்கு உள்காது கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. போக்குவரத்துச் செலவு தடையாக இருந்தால் நம் அறக்கட்டளை ஏற்கும். ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.