மாலை வாடும், கடமை வாடலாகாது



பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரிலிருந்து எல்லைக்குப் போனவர் அவில்தார் பழனி. 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் வீழ்ந்த 20 வீரர்களில் அவரும் ஒருவர். நாடு வீர் சக்ரா விருதளித்தது. தமிழக அரசு 20 லட்சம் ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் அறிவித்தது.

ஆனால் எல்லா வீட்டின்மீதும் இந்த வெளிச்சம் விழுவதில்லை. மாலை வாடுமுன் கூட்டம் கலைந்துவிடும். அந்தத் தாய் மட்டும் மனுவும் கையுமாக நிற்பாள். குடும்ப ஓய்வூதியம் அவளது உரிமை, பிச்சையல்ல! மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உண்டு. ஊருக்குப் போகும் நம் இளைஞர்கள் அவளுக்குத் துணையாக அங்கே போகட்டும். டிசம்பர் 7 கொடிநாளில் ஒருநாள் கூலியைத் தருவோம். அதுவே நாம் செலுத்தும் வீரவணக்கம்!