மடி கனத்த ஆடும் மெமரி கார்டும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

பொதுக்குழுவில் இமாம் பேச எழுந்தால் தொழுகை, ஜகாத், மக்தப் மதரஸா ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நாம் பேச வந்திருப்பது விரல் நகம் அளவேயுள்ள மெமரி கார்டைப் பற்றி. சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. விஷயத்தைக் கேட்டபின் புன்னகை இராது என்று அஞ்சுகிறோம்.

சென்ற ரமழானில் நம் மூத்த உஸ்தாத் ஹழ்ரத் அவர்கள், தள்ளாத வயதிலும் தராவீஹுக்குப் பின் 30 இரவுகளும் நாற்காலியில் அமர்ந்து விரிவுரை செய்ததை நீங்கள் அறிவீர்கள். அவற்றையெல்லாம் படம்பிடித்து வைக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. கேமரா ஒரு சகோதரர் தந்தது. மெமரி கார்டு மட்டும் வாங்க வேண்டியிருந்தது. பொருளாளர் அவர்கள், "கடைத்தெருவிலேயே வாங்கிவிடலாமே" என்றார்கள். நாம்தாம், இணையத்தில் அதே 128 ஜிபி கார்டு மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது, ஜமாஅத்தின் காசை ஏன் வீணாக்க வேண்டும் என்று சொல்லி, நம் கைப்பேசியிலிருந்தே ஆர்டர் செய்தோம். மூன்றாம் நாள் அழகிய உறையில் வந்து சேர்ந்தது. கேமராவில் இட்டதும் 128 ஜிபி என்றே காட்டியது. ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ 1 ஜிபி அளவில் பதிவாயிற்று. மறுநாள் பார்த்தால், பட்டியலில் அந்த இரவின் பெயரும் நேரமும் அளவும் ஒழுங்காக இருந்தன. திறந்து பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

ஷவ்வால் மாதத்தில் ஹழ்ரத் அவர்கள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மூன்று நாட்கள் கழித்து, அவர்களுடைய மக்கள் அந்தப் பதிவுகளைக் கேட்டு வந்தார்கள். மதரஸா மாணவர் ஒருவர் கணினியில் கார்டைச் செருகினார். ஏழு இரவுகள் திறந்தன. எட்டாவது திறக்கவில்லை. ஒன்பதாவதும் திறக்கவில்லை. "ஹழ்ரத், பேர் இருக்கு, பேச்சு இல்ல" என்றார் அந்தப் பிள்ளை. 27-ஆம் இரவின் துஆ, அந்த மக்கள் எதற்காக வந்தார்களோ அது, வெறும் பெயராக நின்றது.

நகரத்திலிருந்த பழுதுநீக்குநர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் சோதித்துவிட்டு, "இது 8 ஜிபி கார்டு" என்றார். அழிந்ததை மீட்கலாம், எழுதப்படாததை எப்படி மீட்பது என்றும் கேட்டார். நாம் மிச்சப்படுத்தியது சில நூறு ரூபாய்.

இதை உங்கள் முன் சொல்வதற்கு நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இமாமும் ஏமாந்தார் என்று தெரிந்தால், மற்றவர்கள் தம் ஏமாற்றத்தை மறைக்காமல் வெளியே சொல்வார்கள் என்பதால் சொல்கிறோம்.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பதை நாம் பின்னர் கேட்டறிந்தோம். மெமரி கார்டினுள் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, தகவல் தங்கும் சில்லு. மற்றொன்று, அதை ஆளும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு. கைப்பேசியோ கேமராவோ கார்டின் கொள்ளளவை அளந்து பார்ப்பதில்லை. "உன்னில் எவ்வளவு இடம்?" என்று கேட்கிறது, கட்டுப்பாட்டுச் சில்லு சொல்லும் பதிலை நம்பிவிடுகிறது. மோசடிக்காரர் அந்தப் பதிலைத்தான் மாற்றி வைக்கிறார். 8 ஜிபி கார்டு, "128" என்று வாய்கூசாமல் சொல்கிறது. உண்மையான இடம் நிரம்பியபின் வருவதைச் சில கார்டுகள் ஓசையின்றிக் கொட்டிவிடுகின்றன. வேறு சில, முதலில் எழுதியதன் மீதே திரும்ப எழுதிப் பழையதையும் அழிக்கின்றன. கோப்புகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் கார்டின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. ஆகவேதான் நமக்குப் பெயர்கள் கிடைத்தன.

இதைக் கேட்டபோது நமக்கு மதரஸாவில் ஓதிய ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. அரபு நாட்டுச் சந்தையில், ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்க நினைப்பவர் சில நாட்கள் பால் கறவாமல் மடியைக் கட்டிவிடுவார். மடி கனத்துத் தெரியும். வாங்குபவர், நாள்தோறும் இவ்வளவு பால் தரும் என்று எண்ணி அதற்குரிய விலை கொடுப்பார். அத்தகைய பிராணிக்கு ‘முஸர்ராத்’ என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், விரும்பாவிடில் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம் என்று உரிமை வழங்கினார்கள். அந்த உரிமைக்கு மூன்று நாள் தவணை என்றும் ஓர் அறிவிப்பில் வந்துள்ளது. நம் ஷாஃபிஈ சட்ட நூல்களில் இதற்கெனத் தனிப் பகுதியே உண்டு. பல ஆண்டுகள் நாம் அதைப் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறோம், ஆட்டைப் பற்றிய சட்டம் என்றே.

மடியைப் பார்த்து ஏமாந்தவருக்குக் கறந்து பார்த்தல்தான் வழி. மெமரி கார்டுக்கும் அதுவே வழி. கார்டு முழுவதும் நிரம்பும் அளவுக்கு எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். இதற்கு இலவச மென்பொருள்கள் உள்ளன. விண்டோஸ் கணினிக்கு, ஜெர்மானியக் கணினிப் பத்திரிகை ஒன்றின் வழியே வெளிவந்த ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்பது நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. லினக்ஸ், மேக் கணினிகளுக்கு ‘எஃப்3’ என்பது உண்டு. வெறும் கார்டில்தான் இச்சோதனையைச் செய்ய வேண்டும். நேரம் பிடிக்கும். விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதும் கார்டாயின், 128 ஜிபி நிரம்ப மூன்றரை மணி நேரம் ஆகும். படித்துப் பார்க்கும் நேரம் தனி. இஷாவுக்குப் பின் தொடங்கிவிட்டு உறங்கச் சென்றால் ஸுப்ஹுக்கு முடிவு தெரிந்துவிடும்.

மென்பொருள் வேண்டாம் என்பவர்கள், பெரிய வீடியோக்களைக் கார்டு நிரம்பும் வரை நகலெடுத்து, கார்டை வெளியே எடுத்து மீண்டும் செருகி, முதலில் இட்டது, நடுவில் இட்டது, இறுதியில் இட்டது என்று ஒவ்வொன்றாகத் திறந்து ஓடவிட்டுப் பார்க்கலாம். வெளியே எடுத்துச் செருகுவதை விட்டுவிடாதீர்கள். கணினி தன் நினைவிலிருந்தே காட்டிவிடக்கூடும்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். இணையக் கடைகளில் திருப்பித் தரும் தவணை சில நாட்களே. பார்சல் வந்த அன்றே சோதியுங்கள். சோதனை முடியும் வரை எதையும் அதில் நம்பி வைக்காதீர்கள். நாம் கோளாற்றைக் கண்டபோது தவணை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. விற்றவருடைய பக்கமே அங்கே இல்லை.

வாங்குமுன் கண்ணால் கண்டுபிடிக்க இயலாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஓரளவு இயலும். விலைதான் முதல் அடையாளம். 1 டிபி கொள்ளளவுள்ள மைக்ரோ எஸ்டி கார்டுகள் முதன்முதலாக 2019 பிப்ரவரியில் பார்சிலோனாக் கண்காட்சியில் அறிவிக்கப்பட்டபோது, ஒன்றின் விலை ஏறத்தாழ 450 டாலர். அதன்பின் விலை இறங்கியது உண்மையே. ஆயினும் தேநீர்ச் செலவுக்கு 1 டிபி தருகிறேன் என்பவர் எதைத் தருகிறார் என்று யோசிக்க வேண்டும். 2022-இல் அமெரிக்கப் பெரும் அங்காடி ஒன்றின் இணையதளத்தில் 30 டிபி வட்டு என்று சொல்லி மிகச் சொற்ப விலைக்கு ஒரு பொருள் விற்பனைக்கு இருந்தது. அத்தகைய வட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர், உள்ளே இரண்டு சிறு மெமரி கார்டுகள் பசையால் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டார்.

அடுத்தது, கார்டின் மீதுள்ள எழுத்து. 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரையிலான கார்டுகளில் ‘எச்சி’ என்ற குறியும், அதற்கு மேல் 2 டிபி வரையில் ‘எக்ஸ்சி’ என்ற குறியும் இருக்க வேண்டும் என்பது விதி. 128 ஜிபி என்று அச்சிட்டு ‘எச்சி’ என்று போட்டிருந்தால் அது போலி. உறையின் மீது அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி ஆகியவை இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் எடையளவுச் சட்ட விதி. அவை இல்லாத உறையைச் சந்தேகியுங்கள். இருந்தாலும் முழுமையாக நம்பிவிடாதீர்கள். உறையையும் அச்சையும் நகலெடுப்பவர்களுக்கு இது பெரிய வேலையன்று. அமெரிக்கப் பொறியாளர் ஆண்ட்ரூ ஹுவாங் என்பார், தம் நிறுவனத்தின் கருவிகளுக்காக மொத்தமாக வாங்கிய கார்டுகளிலேயே கோளாறு கண்டு, அவற்றை ஆராய்ந்து 2010-இல் விரிவாக எழுதினார். தொழிலிலேயே இருப்பவர்களுக்கு இந்த நிலை என்றால் நம் நிலை என்ன?

வாங்கியவர்களின் பாராட்டுரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் வாங்கிய பக்கத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஐந்து நட்சத்திரம் இட்டிருந்தார்கள். அவர்கள் அனைவரும் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டோம். பார்சல் வந்த அன்று கார்டைச் செருகி, 128 என்று காட்டியதும் மகிழ்ந்து எழுதிவிடுகிறார்கள். போலி வெளிப்படுவது இடம் நிரம்பிய பின். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆகவே ஒரு நட்சத்திரம் இட்டவர்களின் எழுத்தைத் தேடிப் படியுங்கள். விற்பவர் யார் என்பதையும் பாருங்கள். பெரிய இணையதளத்தின் பெயர் மேலே இருக்கும்; உண்மையில் விற்பவர் கீழே சிறிய எழுத்தில் வேறொருவராக இருப்பார்.

விற்பவரின் மீதும் அநீதி கூடாது. 128 ஜிபி கார்டை விண்டோஸ் கணினியில் இட்டால் 119 என்றோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் கணினி 1024-இன் மடங்காகக் கணக்கிடுகிறது. அது அளவுக் குறைவு அன்று. இதை அறியாமல் நம் கடைத்தெருச் சகோதரர் ஒருவரிடம் சண்டைக்குச் சென்ற செய்தியும் நம் காதுக்கு வந்தது.

ஏமாந்தபின் வழி இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-இல் மின்வணிக விதிகள் வந்துள்ளன. இணையக் கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புதல் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. பார்சலைப் பிரிப்பதைப் படம்பிடித்து வையுங்கள், சோதனை முடிவையும் பாதுகாத்து வையுங்கள். சான்று இருந்தால்தான் பேச முடியும்.

இனி, சொல்லவே கசப்பான ஒன்று. நம் கார்டு போலி என்று தெரிந்ததும் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், "ஹழ்ரத், பாதி விலைக்கு யாரிடமாவது தள்ளிவிடலாமே, நமக்கு நேர்ந்ததுதானே அவருக்கும்" என்றார். குறையை அறிந்தவர் அதைச் சொல்லாமல் விற்பது ஹராம். ஏமாந்தவர் அறியாமல் இருந்தார். அறிந்தபின் விற்பவர் மடியைக் கட்டியவரின் இடத்துக்கு வந்துவிடுகிறார். கைப்பேசி உதிரிப்பொருள் வியாபாரம் செய்யும் நம் மஹல்லாச் சகோதரர்களுக்கும் இதைப் பணிவுடன் சொல்கிறோம். சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ வேறு சந்தையிலிருந்தோ மொத்தமாகக் கொண்டுவரும் சரக்கில் நான்கைந்தை எடுத்து நிரப்பிப் பாருங்கள். ஒன்று போலியானாலும் முழுச் சரக்கையும் திருப்பி அனுப்புங்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் அன்பளிப்பாகக் கொண்டுவரும் கார்டுகளையும் சோதித்த பின்னரே கொடுங்கள். பேத்தியின் அகீகாப் படங்கள் அதில் ஏறப் போகின்றன.

நிர்வாகத்தின் ஒப்புதலோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் மக்தப் அறையில் மதரஸா மாணவர்கள் இருவர் கணினியுடன் இருப்பார்கள். புதிய கார்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் சோதித்து, மறுநாள் முடிவு சொல்வார்கள். கட்டணம் இல்லை. பழைய கார்டாயின், அதில் உள்ளவற்றை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு வெறும் கார்டாகக் கொண்டுவரவும்.

ஹழ்ரத் அவர்களின் ஏழு இரவுகளையும் இரண்டு வட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றைப் பள்ளிவாசல் அலுவலகத்திலும் மற்றொன்றை அவர்களுடைய மூத்த மகனாரிடமும் வைத்திருக்கிறோம். சென்ற ரமழானில் எட்டாம் இரவுக்குப் பின் உங்களில் எவரேனும் கைப்பேசியில் ஒலியாகவோ படமாகவோ பதிவு செய்திருந்தால், ஐந்து நிமிடப் பகுதியாயினும் சரி, தயவுசெய்து அழித்துவிடாமல் அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். பெண்கள் தொழும் பகுதியில் சிலர் ஒலிப்பதிவு செய்ததாகக் கேள்விப்பட்டோம். வீட்டில் இன்றே விசாரியுங்கள். 27-ஆம் இரவை அந்த மக்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.