காய்ச்சலுக்குப் பின் வந்த கரப்பான்

(மாதர் சங்கக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நான் வைத்தியன் அல்ல. குருமடத்தில் எங்களுக்குத் தத்துவமும் இறையியலும் சொல்லித் தந்தார்கள். நாடி பிடிக்கச் சொல்லித் தரவில்லை. ஆயினும் இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் செய்த ஒரு பிழையே அதற்குக் காரணம்.

நம் பங்கிலே ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பையனுக்குக் கடுங்காய்ச்சல். ஆறாம் நாள் மந்திரிக்கப் போனேன். உடம்பெல்லாம் செந்தடிப்பு, கண் சிவப்பு. "தட்டம்மைதான், தானே இறங்கிவிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சாமியாரே சொன்னபின் ஆஸ்பத்திரி எதற்கு என்று அவர்களும் இருந்துவிட்டார்கள். எட்டாம் நாள் நம் பங்கைச் சேர்ந்த நர்ஸ் சகோதரி ஒருவர் பார்த்தார். உதடு வெடித்து, நாக்கு செக்கச் சிவந்து, கைகால் வீங்கியிருந்தது. கையில் பி.சி.ஜி. ஊசி போட்ட பழைய தழும்பு புதிதாய்ச் சிவந்து தடித்திருந்ததைக் கண்டதும், அன்றே நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அது காவசாக்கி என்னும் நோய். 1961-இல் ஜப்பானில் டொமிசாக்கு காவசாக்கி என்ற குழந்தை வைத்தியர் நான்கு வயதுச் சிறுவனிடம் இதை முதலில் கண்டார். என்னைப்போல் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லவில்லை. 50 குழந்தைகளைப் பார்த்த பிறகே 1967-இல் எழுதினார். நம் உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே நிலைதவறி இரத்தக் குழாய்களைப் புண்படுத்துவதுதான் இந்நோய். வைத்தியம் செய்யாவிட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளைக்கு இதயத்தின் இரத்தக் குழாய் புடைத்துவிடும். 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்றினால் அந்த ஆபத்து இருபதில் ஒன்றாகக் குறைகிறது. ஆயிரக்கணக்கானோர் தானமாகக் கொடுத்த இரத்தத்தின் தெளிநீரிலிருந்து எடுக்கப்படும் மருந்து அது. நம் பையனுக்கு ஒன்பதாம் நாள் ஏற்றினார்கள்.

பிள்ளை பிழைத்தான். ஆனால் மறு வருஷம் அவனுக்குக் கரப்பான் கண்டது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் இரவெல்லாம் சொறிந்து இரத்தம். "அந்த மருந்துதான் சாமி, பிள்ளையின் இரத்தத்தைக் கெடுத்துவிட்டது" என்றார் பாட்டி. மருமகள் கருவாடு தின்றதுதான் காரணம் என்று ஒரு பழி வேறு. முடிவில் அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை என்று இருந்துவிட்டார்கள். ஆஸ்பிரின் மாத்திரை நின்றது; இதய ஸ்கேனும் நின்றது.

இம்முறை நான் வாயைத் திறக்குமுன் குழந்தை வைத்தியரிடம் கேட்டேன். காவசாக்கி கண்ட பிள்ளைகளிடம் கரப்பான் அதிகம் என்று அமெரிக்க வைத்தியர்கள் 1988-லேயே எழுதியிருக்கிறார்கள். பிற்பாடு தைவான் நாட்டில் காப்புறுதிப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்களும் அவ்வாறே கண்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்ல, சிலருக்கே. ஆனால் கவனியுங்கள்: முன்னமே ஒவ்வாமை இருந்த பிள்ளைகளுக்குக் காவசாக்கி வருவதும் சற்று அதிகமாம். மருந்து உடம்பில் ஏறுமுன்பே அந்தத் தொடர்பு இருக்கிறதென்றால், மருந்தின்மேல் பழி போடுவது எப்படி? இரண்டு நோய்க்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்பது வைத்தியர்களின் எண்ணம். ஒருமுறை பெருநோய் கண்ட பிள்ளையை அடிக்கடி வைத்தியரிடம் காட்டுவதால் கரப்பானும் கணக்கில் கூடுதலாக ஏறுகிறது என்பாரும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. கருவாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை.

இதை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டியிடம் சொன்னேன். முதலில் என் பிழையைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான்தானே சாமி மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்" என்று அழுதார்.

மறுநாளே மூவரும் பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்கேனில் ஒரு குழாயில் சிறு புடைப்பு இன்னும் இருந்தது, முன்னைவிடக் குறைந்திருக்கிறதாம். மாத்திரை மறுபடி தொடங்கியது, ஆறு மாதம் கழித்து மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கரப்பான் முற்றும் போகவில்லை. குளித்து ஈரம் காயுமுன் களிம்பு தடவ வேண்டும், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், பருத்தித் துணி போட வேண்டும் என்பது வைத்தியர் சொன்னது. இப்போது களிம்பு தடவுவது பாட்டியின் வேலை.